ஏழாவதாக நிற்பவர்

ஜன்னலுக்குள் கை நீண்டதுமே தெரிந்தது, அப்பாவின் பெயரை மறுபடியும் கோடு போட்டு அடித்துவிட்டு வந்திருக்கிறாள். நடுவிரலின் ஓரத்திலும், சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கையின் விளிம்பிலும் பென்சில் கரி. எங்கள் தீவுக்கு ஒருநாள் வந்து போகிறவர்கள் பென்சில் பிடிக்கும்படியான இடம் ஒன்றே ஒன்றுதான். அருங்காட்சியகத்தின் மூன்றாவது அறையில், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு சணல் கயிற்றில் கட்டிப் போட்டிருக்கும் அந்தக் கட்டைப் பென்சில்.

படகுத்துறை கவுன்டரில் இருபத்தாறு வருஷமாக டிக்கெட் கொடுக்கிறேன். ஜன்னல் தாழ்வானது. வெளியே நிற்பவர்களின் முகம் தெரிய வேண்டுமென்றால் நான் குனிய வேண்டும், இல்லை அவர்கள் குனிய வேண்டும். பெரும்பாலும் இரண்டு பக்கமும் குனிவதில்லை. அதனால் எனக்கு ஊர் என்பது கைகள்தான். இந்தக் கையில் இரண்டு மெல்லிய வளையல். கடிகாரத்தின் முகம் மணிக்கட்டின் உள்பக்கம் திரும்பியிருக்கும். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை காலைப் படகில் அக்கரையிலிருந்து வந்து, மூன்று மணிப் படகுக்கு இந்த ஜன்னலில் கை நீட்டும். மூன்று வருஷமாக நான் அந்தக் கைக்கு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்திருக்கிறேன். ஒருமுறையும் குனிந்ததில்லை. அவளும் குனிந்ததில்லை. மனதுக்குள் அவளுக்கு அக்கரைக்காரி என்று பெயர் வைத்திருந்தேன். அவள் என் அப்பாவின் இரண்டாவது குடும்பத்து மகள்.

எங்கள் சண்டை ஒரு புகைப்படத்தைப் பற்றியது. கடலுக்கடியில் கேபிள் போட்டுத் தீவுக்கு மின்சாரம் கொண்டுவந்த அன்று எடுத்த படம். மணலில் ஆள் உயர மர உருளை. அதன் முன்னால் பதினொரு பேர். படத்துக்குக் கீழே அதே பதினொரு பேரையும் வெறும் கோட்டுருவமாக வரைந்து, ஒவ்வொரு வயிற்றிலும் ஒரு எண் போட்டிருப்பார்கள். பக்கத்தில் ஒரு அட்டை: இவர்களில் யாரையாவது அடையாளம் தெரிந்தால் நோட்டில் எழுதவும். எட்டு வருஷத்துக்கு முன் அந்த நோட்டை வைத்த முதல் வாரத்திலேயே நான் போய், ஏழு என்று எழுதி, அப்பாவின் பெயரை எழுதி, கேபிள் ஜாயின்டர் (கேபிள் துண்டுகளை ஈயம் ஊற்றி இணைப்பவர்) என்று தொழிலையும் எழுதி, எழுதியவர் என்ற இடத்தில் மகள் என்று போட்டுவிட்டு வந்தேன். ஐந்து வருஷம் அது அப்படியே இருந்தது. பிறகு ஒரு சனிக்கிழமை, நிதானமான ஒரு கோடு என் எழுத்தின் நடுவே ஓடியிருந்தது. கீழே: தவறு. இவர் நான்காவதாக நிற்பவர். எழுதியவர்: மகள்.

அன்றிலிருந்து அவள் அடிப்பாள், நான் எழுதுவேன். நான் நான்கை அடிப்பேன், அவள் மறுபடி எழுதுவாள். 'இரண்டு வயதில் பார்த்த முகம் யாருக்கும் நினைவிருக்காது' என்று ஒருமுறை எழுதியிருந்தாள். 'கிழவராகப் பார்த்தவர்களுக்கு இளமை முகம் தெரியாது' என்று அதற்குக் கீழே எழுதினேன். எங்கள் இருவருக்கும் நடுவே ஊர் சுற்ற வந்தவர்கள் யார் யாரோ எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். எல்லோரும் அழகாக இருக்கிறார்கள் என்று ஒருவர். ஒன்பதாவது ஆள் எங்கள் பி.டி. சார் மாதிரியே இருக்கிறார் என்று ஒரு பள்ளிக்கூடத்துக் கையெழுத்து. போன மழைக்காலத்தில் நான் கடைசியாக எழுதியது இது: 'ஏழாமவரின் காதைப் பார்க்கவும். என் காதும் அதே. என் மகனின் காதும் அதே.' அதற்குப் பதில் வரவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். இப்போது கையில் மறுபடியும் கரி.

எனக்கு அப்பாவின் படம் வேறு கிடையாது. ஏழாவதாக நிற்பவரை மட்டும் தனியாகப் பிரதி எடுத்து, பெரிதாக்கி, சட்டம் போட்டு, முப்பது வருஷமாக முன்னறையில் மாட்டியிருக்கிறேன். பெரிதாக்கியதில் முகம் புள்ளி புள்ளியாக உடைந்துவிட்டது. மூக்கும் வாயும் குத்துமதிப்பு. காது மட்டும் தெளிவு. தலையை விட்டு விலகி, எதையோ கேட்கக் காத்திருப்பது மாதிரி நிற்கும் காது. என் மகன் பிறந்தபோது ஆஸ்பத்திரியிலேயே எல்லோரும் சொல்லிவிட்டார்கள், தாத்தா காது என்று.

அடுத்த வாரம் அருங்காட்சியகத்திலிருந்து கடிதம் வந்தது. அட்டையையும் நோட்டையும் எடுத்துவிட்டு, பெயர்களைப் பித்தளைத் தகட்டில் பொறித்து நிரந்தரமாக வைக்கப்போகிறார்களாம். ஒன்பது பேருக்குத் தகராறு இல்லை. மீதி இரண்டு பேரைப் பற்றி இரு தரப்பும் நேரில் வந்து, ஒரே எண்ணுக்கு எதிரே இருவரும் கையெழுத்திட வேண்டும். உடன்பாடு இல்லாவிட்டால் நான்கு, ஏழு இரண்டுக்கும் 'பெயர் தெரியவில்லை' என்றே பொறிக்கப்படும். நான் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் குடும்ப விஷயம் என்று எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது.

பழைய சுங்கக் கட்டடம்தான் அருங்காட்சியகம். முதல் அறையில் எடை பார்க்கும் பெரிய தராசு. இரண்டாவதில் முக்குளிப்பவரின் பித்தளைத் தலைக்கவசம். அதன் கண்ணாடிக்குள் ஒரு குளவி கூடு கட்டியிருந்தது. மூன்றாவது அறை ஈரச் சுவர் வாசனை அடிக்கும். படத்துக்குக் கீழே மேஜையில் கேபிளின் ஒரு துண்டு, குறுக்கே வெட்டி வைத்தது. நடுவில் செம்பு, சுற்றிக் காகிதம், அதைச் சுற்றி ஈயம், வெளியே தாரில் நனைத்த சணல். சின்ன வயதில் அதைப் பார்க்கும்போதெல்லாம், இவ்வளவு உறைக்குள் ஒளித்து வைத்தும் போய்ச் சேர வேண்டியது போய்ச் சேர்ந்திருக்கிறதே என்று தோன்றும்.

அவள் எனக்கு முன்பே வந்திருந்தாள். கையை வைத்து நான் செய்து வைத்திருந்த ஆள் வேறு. இவள் குட்டையாக, என்னைவிட ஒன்பது வயது இளையவள் என்பதைவிட இன்னும் இளையவளாக, மூக்குக் கண்ணாடி போட்டு, மடியில் ஒரு துணிப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கடிகாரத்தைப் பார்த்துத்தான் அவள் என்று நிச்சயம் செய்தேன்.

காவலாளி சாவிக் கொத்தை மேஜையில் வைத்தார். "ரெண்டு பேரும் வந்துட்டீங்களா. மியூசியம் மேடம் தலைமை ஆபீஸ் போயிட்டாங்க. ஃபாரத்தை என் தலைல கட்டிட்டாங்க. தகடு பொறிக்கிற ஆள் அக்கரைல இருக்கார், மூணு மணிப் படகுல இது போயாகணும். பேசி முடிச்சுக்குங்க."

அவள் துணிப்பையையும் நான் கேபிள் துண்டையும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உங்க ரெண்டு பேரால ஒரு நோட்டு தீர்ந்து ரெண்டாவது நோட்டு போட்டாச்சு" என்றார். "தினம் காலைல அந்தக் கண்ணாடியத் துடைக்கிறது நான். பதினொரு பேர்ல இந்த ரெண்டு பேர் மேலதான் விரல் அழுக்கு. ரெண்டு பேரும் மகள்னுதான் எழுதியிருக்கீங்க. அப்புறம் என்னம்மா சண்டை?"

அவர் பக்கத்து அறைக்குப் போய், வேண்டுமென்றே சத்தமாக ஒரு ஜன்னலைத் திறந்தார்.

"டிக்கெட் குடுக்கறது நீங்கதானே?" என்றாள் அக்கரைக்காரி.

"ஆமா."

"மூணு வருஷத்துல ஒருதரம்கூட குனிஞ்சு பாக்கல."

"நீங்களுந்தான் குனியல."

அவள் அதை ஒப்புக்கொண்டது மாதிரி தலையை லேசாக அசைத்தாள். பிறகு பையிலிருந்து நான்கு படங்களை எடுத்து, கேபிள் துண்டுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தாள். சீட்டு விளையாட்டில் கடைசிச் சீட்டுகளை இறக்குகிறவளின் அவசரமின்மை அதில் இருந்தது. ஒரு பூங்காவில் அவளைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர். அவளுடைய கல்யாணத்தில் அதே ஆள். ஒரு வீட்டு வாசலில். மூன்றிலும் அவர் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார். நான்காவது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் எடுத்தது. அங்கே கையை மறைக்கத் தெம்பு இல்லை. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, தோல் வழவழவென்று, உருகிய மெழுகைக் கையாகச் செய்து வைத்தது போல இருந்தது.

"காய்ச்சின ஈயம் கொட்டின கை" என்றாள். "வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே கொட்டிக்கிட்டாராம். அதுக்கப்புறம் எந்தப் படத்துலயும் காட்டினதில்ல. இப்ப நாலாவது ஆளைப் பாருங்க."

பார்க்கத் தேவையில்லை. மூன்று வருஷமாகப் பார்க்காமல் பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் எல்லோரும் கையைத் தொங்கவிட்டோ, பக்கத்து ஆளின் தோளில் போட்டோ நிற்கும்போது, நான்காவது ஆளின் இடது கை மட்டும் முதுகுக்குப் பின்னால் போயிருந்தது.

"கையைப் பின்னால வெச்சிருக்கறவங்க எல்லாம் அப்பா ஆயிடுவாங்களா?" என்றேன். "ஏழாவது ஆள் கையில துணி இருக்கு. மூட்டு போடும்போது ஈயத்தை வழிச்சு எடுக்கற துணி. ஜாயின்டர்கிட்ட மட்டுந்தான் அது இருக்கும்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு என்னை உட்காரச் சொல்லவில்லை, ஆனால் நான் உட்கார்ந்துவிட்டேன்.

"அந்தத் துணி எங்க வீட்ல இன்னும் இருக்கு. கொழுப்பு தடவி, நாலா மடிச்சு, அட்டை மாதிரி விறைப்பா இருக்கும். உள்ளங்கை அளவுதான். இது தோள்ல போடற துண்டு. நல்லாப் பாருங்க, தொங்குது. இவர் கேபிளைத் தொட்டதே இல்ல. சமையல்காரர். பத்துப் பேருக்கு ஆக்கிப் போட்டுட்டு, படம் எடுக்கும்போது மட்டும் வந்து வரிசைல நின்னுக்கிட்டார்னு அப்பா சொல்வார்."

"உங்க அப்பா நெறைய கதை சொல்வார் போல."

"நெறைய சொல்வார். சிரிச்சு சிரிச்சு சொல்வார். இதச் சொல்லும்போது மட்டும் சிரிக்க மாட்டார்."

எனக்கு வேறு வழியில்லாமல் போனது. சமையல்காரர் என்ற வார்த்தை அறையில் அப்படியே நின்றது. என் முன்னறையில், சட்டத்துக்குள், முப்பது வருஷமாக ஒரு சமையல்காரர். அதை அவள் வாயால் கேட்க நேர்ந்ததுதான் பெரிய எரிச்சலாக இருந்தது. காதோரத்து முடியை ஒதுக்கி, தலையைத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினேன். இந்த வயதில், முன்பின் பேசியிராத ஒருத்திக்கு முன்னால் காதைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கேவலம் என்று தெரிந்தேதான் செய்தேன்.

"இதப் பாத்துட்டுச் சொல்லுங்க. எழுதியிருந்தேன்ல. அடிச்சீங்களே தவிர பதில் எழுதல."

அவள் எழுந்து வந்தாள். கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளிக்கொண்டு என் காதைப் பார்த்தாள். படத்துக்குப் போய் ஏழாவது ஆளைப் பார்த்தாள். மறுபடி என்னிடம் வந்தாள். தையல்காரி அளவு எடுப்பது மாதிரி, என் முகத்தையே பார்க்காமல், காதை மட்டும் பார்த்தாள்.

"ஒத்துக்கறேன்" என்றாள். "அப்படியே இருக்கு. அச்சு அசல்."

நான் கையை இறக்கவில்லை.

"பதில் எழுத முடியாம இல்ல. நோட்டுல எழுத வேண்டாம்னு விட்டேன். ஊர்ல நாலு பேர் படிக்கற இடம்." குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தியதில் இரக்கம் இல்லை. "உங்கம்மா அந்தக் கேபிள்காரங்க முகாம் சமையற்கட்டுலதானே வேலை பாத்தாங்க?"

பக்கத்து அறையில் ஜன்னல் கொக்கி விழும் சத்தம் கேட்டது. முடியை விட்டுக் கையை இறக்கினேன்.

அம்மா அங்கேதான் வேலை பார்த்தாள். காய் நறுக்குவாள், பாத்திரம் தேய்ப்பாள். அப்பா கேபிளுக்கு மூட்டுப் போடும் குழிக்குள் இறங்கினால் ஒரு மூட்டு முடியும்வரை, சில சமயம் இரண்டு நாள், மேலே வர மாட்டார் என்று அவளே சொல்லியிருக்கிறாள். அந்தப் பத்துப் பேரும் என்ன சாப்பிடுவார்கள், யாருக்கு உப்பு குறைய வேண்டும் என்பதெல்லாம் எனக்கு விவரம் தெரிந்த பிறகும் அவளுக்கு நினைவிருந்தது. அப்படிப்பட்டவள் பதினொரு பேர் வரிசையில் ஆளை மாற்றிக் காட்ட மாட்டாள். அருங்காட்சியகம் திறந்த வருஷம், எனக்கு ஒன்பது வயது, அவள் என்னை இதே அறைக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். மற்றவர்கள் நகரும்வரை சுவரோரமாகக் காத்திருந்தாள். பிறகு என் விரலைப் பிடித்துக் கண்ணாடிமேல் வைத்தாள். "இவர்தான் உன் அப்பா." அவ்வளவுதான் சொன்னாள். பெயர் சொல்லவில்லை. பெயர் பள்ளிச் சான்றிதழில் இருந்தது. எனக்கு எழுதத் தெரியும். பெயரையும் முகத்தையும் கொண்டுபோய் ஒன்றாக ஒட்டியவள் நான். படத்தின் முன்னால் நின்று நான் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னபோது அம்மா என்ன செய்தாள் என்று யோசித்தேன். என் விரலை விட்டாள். விட்டுவிட்டு, புடவைத் தலைப்பால் கண்ணாடியில் என் விரல் பட்ட இடத்தைத் துடைத்தாள்.

பிற்காலத்தில் நான் படத்தைப் பெரிதாக்கி மாட்டிய பிறகு, சாப்பிடும்போது அவள் அதற்கு எதிரே போய் உட்கார்ந்துகொள்வாள். பேரனை மடியில் போட்டு, அவன் காதை மெதுவாக முன்னால் மடக்கி மடக்கி விடுவாள். விட்டதும் அது விடைத்துக்கொண்டு நிற்கும். அவளுக்கு அதில் அலுப்பே வந்ததில்லை. பொய் சொன்ன ஒருத்தியின் முகம் அல்ல அது. அவள் என்னிடம் பொய் சொல்லவே இல்லை. எனக்கு இரண்டு வயதாகும்போது அப்பா எங்களை விட்டுப் போனார். அடுத்த ஊர் வேலைக்குப் போனவர் அங்கே வேறு பெண்ணோடு தங்கிவிட்டார் என்பது ஊர்க் கதை. இரண்டு வயதில் குழந்தைக்கு முகம் கொஞ்சம் தெளிந்துவிடும். காதும்.

காவலாளி ஃபாரத்தோடு வந்து நின்றார். "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது" என்றாள் அக்கரைக்காரி. நான்கு என்ற எண்ணுக்கு எதிரே கையெழுத்துப் போட்டு, தாளை என் பக்கம் தள்ளினாள். பேனாவை அதன் மேல் வைத்தாள். "போடுங்க. வேற எதையும் நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல."

அது கெஞ்சலா மிரட்டலா என்று காவலாளிக்குப் புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது. நான் கையெழுத்துப் போட்டால், நான்காவதாக நிற்பவர் என் அப்பா என்று பித்தளையில் இருக்கும். ஏழாவது ஆளுக்குப் பெயர் இருக்காது. வருகிறவன் போகிறவன் எல்லாம் என்னையும் என் மகனையும் பார்த்துவிட்டு அந்தக் காதைப் பார்ப்பான். கையெழுத்துப் போடாவிட்டால் இரண்டு பேருக்கும் பெயர் இல்லை. யாருக்கும் யாரையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றாது. இதெல்லாம் நான் பிறகு எனக்காகக் கண்டுபிடித்துக்கொண்ட காரணங்கள். அந்த நிமிஷத்தில் நான் பார்த்தது பூங்காவில் தோள்மேல் உட்கார்ந்திருக்கும் அவளைத்தான். அவளுடைய இரண்டு காலையும் அவர் நல்ல கையால் சேர்த்துப் பிடித்திருந்தார்.

"போட மாட்டேன்" என்றேன்.

"அவர்தான்னு உங்களுக்கே தெரியுது."

"தெரியுது."

"அப்போ ரெண்டும் பெயர் தெரியவில்லைன்னு போயிடும்."

"போகட்டும்."

அவள் முதன்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள். "உங்களுக்கு இல்லைன்னா எனக்கும் இருக்கக் கூடாது. அதானே?"

"ஆமா."

அன்று நான் பேசியதில் யோசிக்காமல் வந்த ஒரே சொல் அதுதான். சொன்னதும் உடம்பு லேசாக இருந்தது. வெட்கம் பிறகுதான் வந்தது, அதுவும் பெரிதாக இல்லை.

அவள் படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைத்தாள். ஆஸ்பத்திரிப் படத்தைக் கடைசியாக எடுத்தாள். "அவர் உங்களைப் பத்தி ஒருநாளும் பேசினதில்ல" என்றாள். "பெத்த பொண்ணை இப்படியும் ஒருத்தர் மறப்பாரான்னு நான்கூட அவர்கிட்ட சண்டை போட்டிருக்கேன். உங்களுக்காக. பாவம், திட்டு வாங்கிட்டு உக்காந்திருப்பார்." வாசலில் நின்று கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தாள். "இன்னிக்குக் கவுன்டர்ல வேற ஆள்தானே?"

"ஆமா. நான் லீவு."

"நல்லது."

அவளுடைய செருப்புச் சத்தம் தராசு இருக்கும் அறையைத் தாண்டி வெளியே போனது. காவலாளி பெருமூச்சு விட்டு, ஃபாரத்தில் அவளுடைய கையெழுத்தைக் கோடு போட்டு அடித்தார். நான்குக்கும் ஏழுக்கும் எதிரே ஒரே சொற்களை நிதானமாக எழுதினார். நோட்டின் கயிற்றைக் கத்தியால் அறுத்தார். பென்சில் உருண்டு போய் கேபிள் துண்டில் முட்டி நின்றது.

"துறைக்குப் போய் இதக் குடுத்துட்டு வந்துடறேன். அப்புறம் கண்ணாடியையும் கடைசியா ஒருதரம் துடைச்சு விட்டுடறேன். இனிமே யாரும் தொட மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அறையில் நான் மட்டும் இருந்தேன். படத்துக்கு அருகே போனேன். ஜன்னல் வெளிச்சம் சாய்ந்து கண்ணாடியில் விழுந்ததால் பதினொரு பேரும் பாதி மறைந்து, அவர்கள் மேல் என் உருவம் விழுந்திருந்தது. நான்காவது ஆளின் மேல் ஒரு விரல் அழுக்கு. ஏழாவது ஆளின் மேல் அதைவிடப் பெரியதாக, எண்ணெய்ப் பிசுக்காக இன்னொன்று. அந்தப் பிசுக்குக்குள் அவர் கையில் துண்டோடு, படம் எடுப்பவரைப் பார்க்காமல், படத்துக்கு வெளியே எங்கேயோ யாரோ கூப்பிட்டது மாதிரி கொஞ்சம் திரும்பியிருந்தார். அதனால்தான் காது அவ்வளவு தெளிவாக விழுந்திருக்கிறது. இத்தனை வருஷத்தில் அதை நான் கவனித்ததில்லை. அவர் திரும்பிய பக்கம், படம் எடுத்தவருக்கு வலப்புறம், வரிசையில் இடம் இல்லாத சமையற்கட்டுப் பெண்கள் நின்றிருப்பார்கள்.

காதோரத்து முடியை ஒரு கையால் வழித்துப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் என் காது அவருடைய காதுக்குப் பக்கத்தில் வந்து சேரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்தேன். துறையில் மூன்று மணிப் படகின் சங்கு ஊதியது. முடியை விடாமல் அப்படியே நின்றேன்.